கடாரத்தின் புறநகர்

கடாரம் என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்குச் சாண்டில்யன் நினைவுக்கு வருவார். கருணாகரத் தொண்டைமான் வருவார், குமுதத்தில் தொடராக வந்த ‘கடல் புறா’ வரும். கடாரத்திலேயே குடியிருக்கிற எங்களுக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சுங்கைப்பட்டாணி சிக்னலில் நகராமல் நிற்கிற கார் வரிசைதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே ஊர்தான். 1025-இல் ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிய கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். ஜெராய் மலையின் தெற்கே, மெர்போக் ஆறும் மூடா ஆறும் கடலில் சேரும் கழிமுகங்களை ஒட்டித்தான் அதன் துறைமுகங்கள் இருந்தன. அவற்றின் இடிபாடுகளிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில், ஐந்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் கோல மூடா மாவட்டத்தின் தலைமைப் பட்டணமாகச் சுங்கைப்பட்டாணி நிற்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘எஸ்.பி.’ அதன் கிழக்கே, பட்டணம் முடிந்து தோட்டம் தொடங்குகிற இடத்தில் புக்கிட் செலம்பாவ்.

சோழர் கப்பலைப் பற்றி எழுத நம்மிடம் ஆள் நிறைய உண்டு. தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளைப் பற்றி எழுதத்தான் ஆள் குறைவு. ஆகவே இந்த வாரம் கடாரத்தின் பழைய நகரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அதன் புதிய நகரத்தைச் சுற்றிப் பார்ப்போம். பழையது எப்படியும் குறுக்கே வரும்.

ஃபெஸ் நகரத்து ஏற்பாடு

பழைய நகரம் ஒன்று, பக்கத்திலேயே புதிய நகரம் ஒன்று என்கிற ஏற்பாட்டுக்குப் பேர்போனது வட ஆப்பிரிக்கா. மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய ஊர். 859-இல் எழுந்ததாகச் சொல்லப்படும் கராவியீன் பள்ளிவாசல், தோல் பதனிடும் தொட்டிகள், பொதிக்கழுதை எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய சந்துகள். 1912-இல் சுல்தானிடம் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களுடைய தலைமை அதிகாரி லியோத்தேக்குத் திட்டவட்டமான ஒரு கொள்கை இருந்தது. மெதினா எனப்படும் பழைய நகரத்தில் கைவைக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்குத் தள்ளி ஒரு புது நகரம் கட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். ஆன்றி ப்ரோஸ்ட் என்ற நகரத் திட்ட வல்லுநர் மொரோக்கோ முழுக்க இப்படி வரைந்து தள்ளினார். இன்றைக்கு ஃபெஸ் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்குவது அந்தப் புது நகரத்தில்தான். நேரான அகலச் சாலைகள், நடுவே பனை வரிசை, நீரூற்று, நடைபாதையில் நாற்காலி போட்ட காப்பிக் கடைகள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ‘புதிய ஃபெஸ்’ என்றே பெயருள்ள பகுதி அங்கே ஏற்கெனவே இருந்தது. 1276-இல் மரினித் அரசர்கள் கட்டியது. எழுநூற்றைம்பது வயதான புதுநகர்!

லியோத்தே பழைமையைக் காப்பாற்றினார் என்று புகழ்கிறவர்கள் உண்டு. ரபாத் நகரத்தைப் பற்றி 1980-இல் நூல் எழுதிய ஜேனட் அபு-லுகோத், அது நகரத்துக்குள் நடத்திய இனஒதுக்கல் என்று சொன்னார். என் ஓட்டு ஜேனட்டுக்கு. மெதினா அழியவில்லைதான், ஆனால் அதில் வாழ்ந்தவர்களைக் கேட்டு அந்தக் கோடு கிழிக்கப்படவில்லை. 1956-இல் விடுதலை கிடைத்ததும் ஃபெஸின் வசதியான குடும்பங்கள் பல, புது நகரத்துக்கும் காசாபிளாங்காவுக்கும் இடம் மாறின. பழைய வீடுகளில் கிராமத்து ஏழைகள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். 1981-இல் மெதினாவை உலக மரபுடைமையாக யுனெஸ்கோ அறிவித்தது. 2012-இல் ரபாத் அந்தப் பட்டியலில் ஏறியபோது, அதன் பிரெஞ்சுக் காலப் புது நகரமும் சேர்ந்தே ஏறியது.

நம்மவர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. புதுச்சேரியில் ஒரு வாய்க்காலை வைத்து வெள்ளை நகரத்தையும் கறுப்பு நகரத்தையும் பிரித்ததும் பிரெஞ்சுக்காரர்கள்தான்.

கடாரத்தில் இப்படி யாரும் கோடு கிழிக்கவில்லை. கிழிப்பதற்குப் பழைய நகரம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே?

1936

1909-இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1915-க்குள் ரயில் அலோர் ஸ்டார் வரை போய்விட்டது. ரயிலோடு ரப்பரும் வந்தது. கங்காணிகள் தத்தம் ஊருக்குத் திரும்பிப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். பினாங்குக்கு வந்த கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கிளம்பின. ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் சூடாமணி விகாரம் கட்டிக்கொண்ட அதே நாகப்பட்டினம். அன்று கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டடம் கட்ட, ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு எழுதிக் கொடுத்தார்கள். தொள்ளாயிரம் ஆண்டு கழித்து நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஓர் அறை.

சுங்கைப்பட்டாணிப் பழைய கடைத்தெருவில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1936-இல் கட்டியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நினைவாக லிம் லியன் தெங் என்ற சீன ரப்பர் முதலாளி ஊருக்குக் கொடுத்த அன்பளிப்பு. உச்சியில் சிறு கும்மட்டம், நாலு பக்கமும் கடிகாரம், சுற்றிலும் வாகனம். பினாங்கிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்பார்கள். அளவில் சின்னதுதான். ஆனால் அந்தக் கூண்டு எந்தப் பணத்தில் எழுந்தது என்று யோசித்தால் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றும். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் கோடு கிழித்து, மங்குக் கிண்ணத்தில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்களே, அந்தப் பால்தான் கடைத்தெருவாகவும் மணிக்கூண்டாகவும் உறைந்தது.

அதே 1936-இல், வடமேற்கே ஜெராய் மலையடிவாரத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் புதரை வெட்டி, செங்கல் மேடுகளைத் தோண்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் குறித்தார்கள். ஜேம்ஸ் லோ என்ற ராணுவ அதிகாரி ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே கோயில் இடிபாடுகள் உண்டு என்று எழுதி வைத்திருந்தார். முறையாகத் தோண்டி எண்ணியது இந்தத் தம்பதி. ஆக, கடாரத்தின் புதிய பட்டணத்துக்குக் கடிகாரம் கிடைத்ததும், பழைய பட்டணத்துக்கு எண் கிடைத்ததும் ஒரே சமயத்தில். இடையில் இருந்த பால்மரக் காட்டில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். தங்கள் மன்னர் ஒருவர் இந்த இடத்தைக் ‘கொண்டான்’ என்று பட்டம் சூட்டிக்கொண்ட செய்தி அவர்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

தாமானுக்குள்

பழைய கடைத்தெருவை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாமான்தான். பண்டார் லகுனா மெர்போக், பண்டார் புத்ரி ஜெயா, பண்டார் அமான்ஜெயா. ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர் அளவு. அமான்ஜெயா இதில் மூத்தது இல்லாவிட்டாலும் முக்கியமானது. சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை அங்கேதான். பேரங்காடி அங்கேதான். மலேசிய இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வின் கல்விக் கழகம் 2001-இல் தொடங்கிய ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் முதலில் வாடகைக்கு உட்கார்ந்ததும் அங்கேதான். பிறகு அது செமிலிங்கில் சொந்த வளாகம் கட்டிக்கொண்டு போனது. அங்கிருந்து பார்த்தால் ஜெராய் மலை நேர் எதிரே தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கட்டும் என்று எழுப்பிய பல்கலைக்கழகம், திட்டமிட்டதோ தற்செயலோ, கடாரத்துப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து வீடாக அமைந்துவிட்டது.

அமான்ஜெயாவின் தெருக்களில் சுற்றுலாப் பயணிக்குக் காட்ட எதுவும் இல்லை. ஒரே அளவு முகப்பு, ஒரே நிறச் சாய்கூரை, வாசலில் இரும்பு கேட், உள்ளே ஒரு கார், வெளியே இன்னொரு கார். எந்த வீடு தமிழர் வீடு என்று கண்டுபிடிக்கச் சிரமமில்லை. நிலைப்படியில் மாவிலைத் தோரணம், ஓரத்தில் ஒரு தொட்டியில் துளசி, கேட்டுக்கு வெளியே வடிகால் ஓரமாக மண் கிடைத்த இடத்தில் முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு வாழை. அந்த ஓரத்து மண் நகராட்சிக்குச் சொந்தம். அதில் பயிர் வைக்கிற பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. லயத்துக்குப் பின்னால் கம்பெனி நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டு வளர்ந்த கை, தாமானுக்கு வந்தும் சும்மா இருக்காது.

காலையில் இந்தத் தெருக்கள் காலியாகிவிடும். தொழிற்சாலைப் பேருந்துகள் ஆறு மணிக்கு முன்பே வந்து ஆளை ஏற்றிக்கொள்ளும். சிலர் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கு, சிலர் 1996-இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு, இன்னும் சிலர் பாலம் தாண்டிப் பினாங்குக்கு. ரயில் இரட்டைப்பாதையாகி மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய பிறகு பட்டர்வொர்த்துக்குக் கம்யூட்டரில் போய்வருகிறவர்களும் உண்டு. பால்வெட்டுக்குப் போன பாட்டியும் சில்லுத் தொழிற்சாலைக்குப் போகிற பேத்தியும் ஒரே நேரத்தில்தான் விழிக்கிறார்கள். பேத்திக்கு மட்டும் குளிர்சாதனம்.

அலுத்துக்கொள்கிற பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் கதவைத் தாழ் போடமாட்டோம், சாவு விழுந்தால் ஊரே அடுப்பு மூட்டாது, இங்கே பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே பெரியவர்களிடம், சரி, தோட்டத்துக்கே திரும்பிப் போகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறிவிடும்.

வீடு யார் பேரில்

ஏன் திரும்பமாட்டார்கள் என்பதில்தான் இந்தப் புதிய நகரத்தின் கதையே இருக்கிறது. தோட்டத்து வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால், வயதாகிப் பென்ஷன் இல்லாமல் நின்றால், வீட்டில் யாராவது ஒருவர் தோட்ட வேலையில் பேர் கொடுத்திருந்தால்தான் கூரை மிஞ்சும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து செத்திருந்தாலும் அந்த நிலத்தில் அவர்களுக்கு ஒரு சதுர அடிகூடக் கிடையாது.

அடி அங்கிருந்துதான் விழுந்தது. 1950-களின் இரண்டாம் பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்களுக்கு மரம் வேண்டும், ஆள் வேண்டாம். அந்த நேரத்தில்தான் அமைச்சர் வீ.தி. சம்பந்தன் தொழிலாளிகளையே பங்குதாரர்களாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்த பணத்தில் அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவில்தான் இருக்கிறது: புக்கிட் சிடிம். நிலம் தன் பேரில் இருந்தால்தான் பிழைப்பு என்று அன்றே கண்டுகொண்ட மனிதர் அவர். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் ஒரு சங்கத்தால் வாங்கிவிட முடியாது.

பிறகு செம்பனை வந்தது. பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாளாவது சீவ வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அறுத்தால் போதும். அதற்கு வேண்டிய குறைந்த ஆளையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். தோட்டங்கள் ஆளில்லாமல் ஆயின. பட்டணம் பெருகி விலை ஏறியதும், எஸ்.பி.யை ஒட்டிய செம்பனையும் போய் வீட்டு மனை ஆனது. ரப்பர், செம்பனை, தாமான் என்று அதே மண் ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று முறை வேடம் மாறியது.

வெளியே வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது மலிவு விலை வீடு. 1982-இல் அரசாங்கம் அதற்கு 25,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்தது. தொழிற்சாலையில் நுழைந்த பிள்ளையின் சம்பளச் சீட்டு, அப்பாவின் சேமநிதியிலிருந்து எடுத்த ஒரு தொகை, வங்கிக் கடன். அதன் பிறகு கொஞ்சம் பெரிய வீடு. இப்படித்தான் அமான்ஜெயாக்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கிராண்ட் எனப்படும் நிலச் சான்றிதழில் சொந்தப் பெயரைப் பார்த்தது, பல குடும்பங்களில், கப்பலேறி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஃபெஸின் புது நகரத்தோடு இதை வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படியே தலைகீழ். அங்கே புது நகரம் ஆள வந்தவர்களுக்காகக் கட்டியது. பழைய நகரத்தார் வெளியே நின்றார்கள். இங்கே ஆளவந்த துரையின் பங்களா தோட்டத்து மேட்டில் இருந்தது, அது பாழடைந்துவிட்டது. கூலியாக வந்தவனின் பேரன் கடன் போட்டு வாங்கியதுதான் இந்தப் புது நகரம். ஆகவே தாமான்களைச் சபித்து, தோட்டத்தைச் சொர்க்கமாக்கி எழுதுகிற கதைகளும் பாடல்களும் எனக்கு ஒட்டுவதில்லை. அழகில்லாத ஊர்தான். ஆனால் யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத ஊர்.

அரசியல்வாதிகளுக்கும் இந்த மக்கள் வாக்காளர்களாகத் தெரியத் தொடங்கியது பிற்பாடுதான். புக்கிட் செலம்பாவ் சட்டமன்றத் தொகுதியில் 2008-இல் சுயேச்சையாக நின்று வென்ற வீ. ஆறுமுகம் அடுத்த ஆண்டே பதவி விலகினார். 2009 ஏப்ரல் 7-இல் நடந்த இடைத்தேர்தலில் பதினைந்து பேர் போட்டியிட்டார்கள். அதில் பதின்மூன்று பேர் சுயேச்சை. வாக்குச்சீட்டு முழ நீளம் இருந்திருக்கும். மக்கள் நீதிக் கட்சியின் எஸ். மணிக்குமார் வென்றார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இந்திய வாக்காளர்கள் உள்ள தொகுதி என்பதால், நாட்டின் தலைவர்கள் பலர் அந்த மாதம் எங்கள் செம்மண் சாலைகளைப் பார்த்தார்கள்.

பதினோராம் எண் கோயில்

இனி பழையது குறுக்கே வருகிறது.

ஜெராய் மலைக்குத் தெற்கே உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் இடிந்த கோயிலைச் ‘சண்டி’ என்பார்கள். மெர்போக்கில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு மேலே, ஓடையை ஒட்டி, புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. குவாரிச் வேல்ஸ் தோண்டியதை 1959-60-இல் அலஸ்டர் லாம்ப் முழுமையாக ஆராய்ந்து, கல்லுக்குக் கல் அடுக்கி நிறுத்தினார். தஞ்சாவூர்க் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு படியேறுகிறவர்கள் ஏமாறுவார்கள். மேலே இருப்பது கருங்கல் அடித்தளம் மட்டுமே. கருவறைப் பகுதி சற்று உயரம், அதன் முன்னால் தாழ்வாக மண்டபம். ஆனால் குனிந்து பார்க்கத் தெரிந்தவருக்கு விஷயம் உண்டு. தூண் நிற்கும் கற்களின் நடுவே பள்ளம் குடைந்திருக்கும். மரத் தூணைச் செருகி நிறுத்திய இடம் அது. கூரையும் மரம், இலை, ஓடு என்று ஏதோ ஒன்றாக இருந்து மக்கிப் போய்விட்டது. சோழநாட்டுக் கோயிலின் நகல் அல்ல இது. இங்கே மழைக்கும் மரத்துக்கும் பழகியவர்கள் தங்கள் கைவாக்கில் கட்டியது. ‘நம்ம ராஜேந்திரன் கட்டினது’ என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ராஜேந்திரன் இங்கே கப்பல் அனுப்பியது கட்டுவதற்காகவும் இல்லை.

செமிலிங்கிலிருந்து மெர்போக் போகிற வழியில் சுங்கை பத்து இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அங்கே செம்பனைக் காட்டுக்குள் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்தது இரும்பு உருக்கிய உலைக்களம். உலைக்குள் காற்று ஊதப் பயன்பட்ட சுட்ட மண் குழாய்கள் குவியல் குவியலாக வந்தன. படகுத்துறை என்று கருதப்படும் செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டது. அதன் வயதைக் கிறிஸ்துவுக்குப் பல நூறு ஆண்டு முன்னால் கொண்டுபோகும் கணிப்பை ஆய்வாளர்கள் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை; வாக்குவாதம் தொடர்கிறது. எப்படியும் சோழர் கப்பல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இது ஒரு தொழிற்பேட்டை. பாக்கார் ஆராங்குக்கும் கூலிமுக்கும் மூத்த அண்ணன்.

இந்தச் சுங்கை பத்து வட்டாரத்தில்தான் பதினோராம் எண் சண்டி இருந்தது. 2013-இன் கடைசியில் அது இடிக்கப்பட்டுவிட்ட செய்தியைப் பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவர் டத்தோ வீ. நடராஜன் வெளிக்கொண்டுவந்தார். வீட்டு மனைக்காக நிலத்தைச் சமப்படுத்திய மேம்பாட்டாளரின் இயந்திரம் அதையும் சமப்படுத்திவிட்டது. நாடு முழுக்கக் கொதித்தது. விசாரித்தால், நிலம் தனியார் பேரில். 2005-இல் வந்த தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறதே என்றால், அந்த இடம் அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்காத இடத்தைச் சட்டம் எப்படிக் காக்கும்? நிலம் மாநிலத்தின் அதிகாரம், மரபுடைமைச் சட்டம் மத்தியில். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக் கோயில் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

இந்தக் கதையைக் கேட்டபோது பட்டணத்துப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். தோட்டத்துக்காரர்கள் அவ்வளவாக அதிரவில்லை. இது அவர்கள் ஆண்டாண்டாகக் கேட்டுப் பழகிய கதை. லயத்தின் கடைசியில் ஆலமரத்தடியில் முனியாண்டியோ காளியம்மனோ இருப்பார். கங்காணி காலத்தில் சூலம், பிறகு தகரக் கொட்டகை, பிறகு சிமெண்டு, எழுபதுகளில் சிற்பி வைத்துக் கோபுரம். துரை வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்ன நிலம். தோட்டம் கைமாறும்போது துரையின் வாய்வார்த்தை கைமாறுவதில்லை. புதிய முதலாளியின் காகிதத்தில் கோயில் ஓர் ஆக்கிரமிப்பு. ஆயிரம் ஆண்டுச் சண்டிக்கும் நூறு ஆண்டு முனியாண்டிக்கும் இங்கே ஒரே வியாதி: இருவர் பேரிலும் கிராண்ட் இல்லை.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதே கதிதான். கம்பெனி நிலத்தில் நின்றதால் பல தோட்டத்துப் பள்ளிகள் அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டும் பெற்றன. பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்தின் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்று நினைத்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. லயம் காலியாகும்போது பள்ளியும் பிள்ளையில்லாமல் மெலியும். தாமானில் பிள்ளை நிரம்பி வழியும், அங்கே பள்ளிக்கு நிலம் இருக்காது. சுங்கைப்பட்டாணி தாமான் கெலாடியில் புதிய தமிழ்ப்பள்ளி எழுந்தது நல்ல செய்தி. அதற்கு எத்தனை மனு, எத்தனை தேர்தல் வாக்குறுதி தேவைப்பட்டது என்பது அந்த வட்டாரப் பெற்றோருக்குத் தெரியும்.

ஹார்வார்ட் தோட்டத்தைச் சொன்னேன். 1946-47-இல் ஏ.எம். சாமி என்பவர் அங்கிருந்துதான் தொண்டர் படையைக் கிளப்பினார். கள்ளுக்கடைக்கு எதிராக மறியல், ஒழுங்கு, அணிவகுப்பு. கெடாவின் தோட்டம் தோட்டமாக அது பரவியபோது நிர்வாகங்கள் மிரண்டன. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் மோதல், உயிரிழப்பு, கைது, சிறை என்று அது ஒடுக்கப்பட்டது. கூலி என்று அழைக்கப்பட்டவர்கள் தாமே திரண்டு நிமிர்ந்த இடம் அது. கடாரத்துக்கு வழிகாட்டும் பழுப்பு நிறச் சுற்றுலாப் பலகைகள் சாலையில் உண்டு. தொண்டர் படைக்கு ஒரு பலகையும் என் கண்ணில் பட்டதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கப்பல் அனுப்பிய மன்னனுக்காக நெஞ்சை நிமிர்த்துகிற நாம், தாத்தா அடிவாங்கிய மைதானத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. தோட்டத்து மக்கள் பட்ட பாட்டை விட்டுவைக்காமல் எழுதியவர்கள் இந்த வட்டாரத்து நாவலாசிரியர்கள்தான். சுங்கைப்பட்டாணிக் கோ. புண்ணியவான் ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயிலை வைத்துக் ‘கையறு’ எழுதினார். லுனாஸ்காரர் ம. நவீனின் ‘பேய்ச்சி’யும் கெடாத் தோட்டத்து மண்ணில்தான் நிற்கிறது, 2020-இல் உள்துறை அமைச்சு அதற்குத் தடை போட்டது.

வருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கடாரம் பார்க்க வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் பினாங்கில் தங்கி, அரை நாளில் மெர்போக் அருங்காட்சியகத்தை முடித்துக்கொண்டு, சாயங்காலமே பாலம் ஏறிவிடுகிறார்கள். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். எஸ்.பி.யில் ரயிலை விட்டு இறங்கி, மணிக்கூண்டைச் சுற்றியுள்ள பழைய கடைவீட்டு வரிசையில் நடந்து பாருங்கள். அமான்ஜெயாவில் ஒரு இரவுச் சந்தை கிடைத்தால் விடாதீர்கள். அப்பளமும் ஆப்பமும் ஒரு பக்கம், அப்பாம் பாலிக் மறுபக்கம், நடுவே மூன்று மொழியில் விலை பேசுகிற நம் பெண்கள். மறுநாள் காலை பீடோங், செமிலிங் வழியாகச் சுங்கை பத்து, மெர்போக். வெயில் ஏறுவதற்குள் சண்டிப் படிகளை ஏறிவிடுவது நல்லது.

திரும்பும்போது புக்கிட் செலம்பாவ் பக்கம் வாருங்கள். சாலையோரத்துச் செம்பனை வரிசைக்கு மேல் ஏதாவது ஒரு கோபுரம் தலையை நீட்டும். ஆண்டுத் திருவிழா நாளாக இருந்தால் மண்பாதை நெடுகத் தாமானிலிருந்து வந்த கார்கள் நிற்கும். அன்னதானப் பந்தியில் உட்கார உங்களை யாரும் யார் என்று கேட்கமாட்டார்கள். வேறு நாளில் போனால், உள்ளே நுழையுமுன் கேட்டில் இருக்கும் தோட்டக் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். கோயில் நம்முடையது, பாதை கம்பெனியுடையது.